உள்ளே எத்தனை வயர்? பழைய கணினி நெட்வொர்க் கேள்வி-பதில்

கேள்வி: தின் ஈதர்நெட்டுக்கு (மெல்லிய கோஆக்சியல் கேபிளில் ஓடும் பழைய நெட்வொர்க்) வீட்டில் மிச்சமிருக்கும் டிவி கேபிளைப் பயன்படுத்தலாமா? பிஎன்சி கனெக்டர் சரியாக மாட்டுகிறது.

கூடாது. டிவி கேபிள் 75 ஓம், உங்களுக்கு வேண்டியது 50 ஓம், அதாவது ஆர்ஜி-58. பிஎன்சி இரண்டு கேபிளுக்கும் வரும், அதனால் மாட்டுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கேபிளின் மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். இரண்டு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர் (சிக்னல் திரும்பி வராமல் தடுக்கும் ரெசிஸ்டர்) போட்டு, எல்லா மெஷினையும் அணைத்துவிட்டு, நடுவில் மல்டிமீட்டர் வைத்தால் ஏறக்குறைய 25 ஓம் காட்ட வேண்டும். 50 காட்டினால் ஒரு டெர்மினேட்டர் இல்லை, அல்லது எங்கோ கேபிள் அறுந்திருக்கிறது. டி-கனெக்டரை (T வடிவ இணைப்பு) நேராக நெட்வொர்க் கார்டின் மேலேயே மாட்டுங்கள். டி-க்கும் கார்டுக்கும் நடுவில் துண்டு கேபிள் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: என் பழைய கம்ப்யூட்டரில் வட்டமான கனெக்டர் இருக்கிறது. எந்த கேபிள் வாங்குவது?

எந்தக் கம்ப்யூட்டர்? எத்தனை பின்? இதைச் சொல்லாமல் நான் என்ன பதில் எழுத முடியும்? கமோடோர் 64-இல் டிஸ்க் டிரைவுக்கு 6 பின், பிபிசி மைக்ரோவில் கேசட்டுக்கு 7 பின். 5 பின் என்று எடுத்துக்கொண்டாலும் பின்கள் நிற்கும் விதத்தைப் பொறுத்து 180 டிகிரி, 240 டிகிரி, டாமினோ (டாமினோக் கட்டையின் ஐந்து புள்ளி போல்) என்று வேறு வேறு. எண்ணிப் பார்த்து, மாடல் பெயரோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: இரண்டு பிபிசி மைக்ரோவை எகோநெட்டில் (பிபிசி மைக்ரோக்களை இணைக்கும் நெட்வொர்க்) சேர்க்க மிடி கேபிள் (மின்னணு இசைக்கருவிகளை இணைப்பது) வாங்கினேன். 5 பின், 180 டிகிரி, எல்லாம் பொருந்துகிறது. க்ளாக் (டேட்டாவுக்கு நேரம் குறிக்கும் சிக்னலைத் தருவது), டெர்மினேட்டர் எல்லாம் வைத்தாயிற்று. ஆனாலும் திரையில் "நோ க்ளாக்" என்றே வருகிறது. போர்டு பழுதா?

போர்டைக் கழற்றாதீர்கள். இந்தக் கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் யாரோ ஒருவர் நல்ல போர்டில் ஈயம் வைத்துக் கெடுத்துக்கொண்டிருப்பார்.

மிடிக்குத் தேவை 4, 5 என்ற இரண்டு பின், ஷீல்டுக்கு 2. அவ்வளவுதான். 1-ம் 3-ம் பிளக்கில் இருக்கும், ஆனால் பல கேபிள்களில் அவற்றின் பின்னால் வயரே இருக்காது. நானும் இதில் இரண்டு மாலைப்பொழுதை இழந்திருக்கிறேன். கடைசியில் பிளக்கின் மூடியைத் திருகிக் கழற்றியபோது பளபளவென்று இரண்டு பின், ஈயமே படாமல் நின்றன.

எகோநெட்டில் டேட்டாவுக்கு ஒரு ஜோடி, க்ளாக்குக்கு ஒரு ஜோடி, அப்புறம் எர்த். ஐந்து பின்னுமே வேலை செய்கிறது. 1-ம் 3-ம் போனால் ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு கால் போய்விடும். அப்புறம் க்ளாக் எப்படி வந்து சேரும்? சில ஆடியோ கேபிள்கள் இன்னும் மோசம், வயர் ஐந்தும் இருக்கும், ஆனால் ஒரு முனையில் 1-இல் இருப்பது மறுமுனையில் 3-இல் இருக்கும். ஆகவே டின் (DIN) எனப்படும் இந்த வட்ட பிளக் கேபிள் எதுவானாலும் மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை பீப்பில் வைத்து 1-க்கு 1, 2-க்கு 2 என்று ஐந்தையும் சோதியுங்கள். ஒரு நிமிட வேலை. வயர் இல்லாவிட்டால் இரண்டு பிளக்கும் முறுக்கு ஜோடி கேபிளும் வாங்கி நீங்களே ஈயம் வையுங்கள்.

கேள்வி: மூன்று ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரை இன்டர்ஃபேஸ் 1 என்ற இணைப்புப் பெட்டி மூலம் இணைக்கிறேன். வட்டமாகச் சுற்றிக் கட்டிவிடலாமா?

வேண்டாம். 3.5 மிமீ மோனோ ஜாக் வயரால் ஒன்றன்பின் ஒன்றாகச் சேருங்கள். இரண்டு கடைசி மெஷினிலும் ஒரு சாக்கெட் காலியாக இருக்க வேண்டும். காலி சாக்கெட்டில்தான் டெர்மினேட்டர் சேருகிறது.

கேள்வி: மேக்கின்டாஷ் 512கே-யின் பின்னால் 9 பின் போர்ட். பிசியின் சீரியல் கேபிள் போதுமா?

தயவுசெய்து மாட்டாதீர்கள்! 9 பின் என்பது வெறும் உருவம். அந்த மேக்கில் 2-ஆம் பின்னில் 5 வோல்ட்டும் 6-ஆம் பின்னில் 12 வோல்ட்டும் வருகிறது. அந்த போர்ட் ஆர்எஸ்-422, பிசியில் இருப்பது ஆர்எஸ்-232, இரண்டும் வேறு வேறு சீரியல் முறை. பின் வரைபடம் பார்த்து தனி கேபிள் செய்யுங்கள்.

கேள்வி: போன்நெட் (மேக்கின்டாஷ்களை டெலிபோன் வயரில் சேர்க்கும் நெட்வொர்க்) பெட்டிகளை டெலிபோன் வயரால் இணைத்தேன். திரையில் மற்ற மெஷின் ஒன்றுமே தெரியவில்லை.

உங்கள் வயரில் இரண்டு கம்பிதான் இருக்கும். போன்நெட் ஓடுவது வெளி ஜோடியில், எனவே நான்கு கம்பி வயர் வாங்குங்கள். ஆர்ஜே-11 பிளக்கை வெளிச்சத்தில் பிடித்தாலே எத்தனை என்று தெரியும். கடைசிப் பெட்டிகளில் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: பிபிசி மைக்ரோவின் சீரியல் போர்ட் ஒரு நாள் வேலை செய்கிறது, மறுநாள் இல்லை.

அது டாமினோ பிளக், தலைகீழாகவும் நுழையும். பிளக்கின் மேல்பக்கத்தில் ஒரு பெயின்ட் பொட்டு வையுங்கள்.

கேள்வி: பிஎன்சிக்கு திருகி மாட்டும் வகையா, கிரிம்ப் (அழுத்தி நசுக்கிப் பொருத்தும்) வகையா?

கிரிம்ப்.