கதை இல்லை என்பதற்காக டூமை விட்டுவிடாதீர்கள்

நண்பரே, 2016இல் வந்த டூம் என்ற துப்பாக்கிச் சண்டைக் கணினி விளையாட்டை வாங்கப் போன நேரத்தில், 'கதையில் ஆழமில்லை' என்ற விமர்சனத்தைப் படித்துவிட்டுத் தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். சண்டை விளையாட்டு பிடிக்கும் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

ஆட்டம் தொடங்கியதுமே ஒருவர் திரையில் வந்து விளக்கம் சொல்ல ஆரம்பிப்பார். நாயகன் அந்தத் திரையையே பிடித்துத் தள்ளிவிடுவான். கதைக்கு எவ்வளவு இடம் என்று அங்கேயே சொல்லிவிடுகிறார்கள். இதன் ஆழம் சண்டையில் இருக்கிறது. உயிர் குறைந்தால் பல ஆட்டங்களில் ஒளிந்துகொள்வோம். இதில், தடுமாறி நிற்கும் அரக்கனை நெருங்கிக் கையாலேயே முடித்தால் உயிர் கூடும். அதனால் பயம் வரும் நேரத்தில்தான் முன்னால் பாய வேண்டும். என்ன அருமையான யோசனை!

கதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2018இல் வந்த செலஸ்ட் என்ற விளையாட்டில் மலையேறும் பெண்ணின் மனப்பதற்றம்தான் கதை. ஏறுவதில் உள்ள கஷ்டம் அதை நம் விரல்களுக்கே உணர்த்தும். ஆனால் விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸுக்கு 1984லிருந்து கதை தேவைப்படவே இல்லை.

விமர்சனம் என்றால் கை என்ன செய்கிறது, எங்கே சலிக்கிறது, எவ்வளவு கடினம், சாதாரணக் கணினியில் ஓடுமா என்று சொல்ல வேண்டும். நீங்கள் படித்தது இதில் எதையாவது சொன்னதா?

அப்புறம், ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.