எட்டு மில்லியிலேயே மஞ்சள்

கேள்வி: ஹைட்ரோகுளோரிக் வலிமையான அமிலம், அசெட்டிக் வலிமை குறைந்த அமிலம் என்று படித்தோம். ஆனால் இரண்டையும் ஒரே செறிவில் எடுத்துத் தரம் பார்த்தால் (அமிலம் தீரும் வரை காரத்தை அளந்து ஊற்றிப் பார்த்தால்) சோடியம் ஹைட்ராக்சைடு ஒரே அளவுதான் செலவாகிறது. அசெட்டிக்குக் குறைவாகத்தானே ஆக வேண்டும்?

பதில்: நாற்பது பேர் கொண்ட வகுப்பில் இதைக் கேட்பவர் ஒருவர்தான் இருப்பார். அந்த ஒருவருக்காகத்தான் நான் இத்தனை வருஷம் பாடம் எடுத்தேன் என்று நினைத்துக்கொள்வேன்.

0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) அசெட்டிக் அமிலக் கரைசலில், ஆயிரம் மூலக்கூறுகளில் சுமார் 13 மட்டுமே ஹைட்ரஜன் அயனியைக் கழற்றிவிட்டு நிற்கும். மீதி எல்லாம் முழுசாகவே இருக்கும். ஹைட்ரோகுளோரிக்கில் முழுசாக எதுவும் மிஞ்சாது. வெளியே திரியும் ஹைட்ரஜன் அயனி எவ்வளவு என்று காட்டும் எண்தான் பி.எச்., எண் குறைந்தால் அயனி அதிகம். அதனால்தான் அதே செறிவில் ஹைட்ரோகுளோரிக்கின் பி.எச். 1, அசெட்டிக்கின் பி.எச். 2.9.

சரி, இப்போது காரத்தை, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடை, ஊற்றுங்கள். ஹைட்ராக்சைடு அயனி, வெளியே திரியும் ஹைட்ரஜன் அயனிகளைப் பிடித்துத் தண்ணீராக்கிவிடுகிறது. குறைந்ததை ஈடுகட்ட, சும்மா இருந்த மூலக்கூறுகள் இன்னும் கொஞ்சம் கழற்றிக் கொடுக்கும். காரம் கேட்கக் கேட்க, பெட்டி காலியாகும் வரை கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே 25 மி.லி. அமிலத்துக்கு அதே செறிவுள்ள காரம் 25 மி.லி. ஆகும். இந்த இரண்டில் அமிலம் எதுவானாலும் கணக்கு இதுதான். கையில் எவ்வளவு என்று பி.எச். சொல்லும், பெட்டியில் எவ்வளவு என்று பியூரெட் (காரத்தை அளந்து ஊற்றும் கண்ணாடிக் குழாய்) சொல்லும்.

வித்தியாசம் வேறு இடத்தில் காலை வாரும். அமிலம் தீர்ந்ததை நிறம் மாறிக் காட்டும் நிறங்காட்டிகள் பல உண்டு. கல்லூரி முதல் வருஷத்தில் நான் அவற்றில் பினால்ஃப்தலீனுக்குப் பதிலாக மெத்தில் ஆரஞ்சைச் சொட்டிவிட்டு அசெட்டிக் அமிலத்தைத் தரம் பார்த்தேன். சிவப்பு மெல்ல ஆரஞ்சாகி, 8 மி.லி. ஊற்றுவதற்குள் மஞ்சளாகிவிட்டது. எங்கே நிறுத்துவது என்றே தெரியவில்லை. மெத்தில் ஆரஞ்சு, பி.எச். 3.1-இலிருந்து 4.4-க்குள் நிறம் மாறி முடித்துவிடும். அசெட்டிக் அமிலம் முழுதும் தீரும்போது குடுவையில் பி.எச். 8.7 ஆகியிருக்கும், ஏனென்றால் மிஞ்சும் அசெட்டேட் அயனியே ஒரு மெல்லிய காரம். அங்கே நிறம் காட்டுவது பினால்ஃப்தலீன்தான். ஒரே ஒரு சொட்டில் வெளிர் ரோஜா நிறம் வரும். கொஞ்ச நேரத்தில் அது மங்கினால் பயப்படாதீர்கள். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் வரும் வினை அது. அந்த ரோஜாவைப் பார்க்க எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

கேள்வி: தூய நீரின் பி.எச். எப்போதும் 7 தானே?

பதில்: 25 டிகிரி செல்சியஸில் மட்டும். 60 டிகிரிக்குச் சூடாக்கினால் 6.5 வரை இறங்கும். அதற்காக நீர் அமிலமாகிவிடவில்லை. ஹைட்ரஜன் அயனி கூடிய அதே அளவுக்கு ஹைட்ராக்சைடும் கூடியிருக்கும், இரண்டும் சமம் என்றால் அது நடுநிலை.

கேள்வி: வலிமை குறைந்த அமிலம் என்றால் ஆபத்தும் குறைவுதானே?

பதில்: இல்லவே இல்லை. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வலிமை குறைந்த வகைதான். ஆனால் தோலைத் துளைத்து உள்ளே இறங்கி, உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். நீர்த்த கரைசல் பட்டால் உடனே வலிக்காமலும் இருக்கலாம், அதுதான் மோசம். அப்புறம், கண்ணாடியையே அரித்துவிடும் என்பதால் அதைப் பிளாஸ்டிக் புட்டியில்தான் வைத்திருப்பார்கள்.