எறும்புக்குச் சொந்தம் யார்?

அன்புள்ள ஐயா,

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் மாலை நேரத் தமிழ் வகுப்பு எடுத்து வருகிறேன். என் மகள் கொலேஜில் உயிரியல் படிக்கிறாள். எல்லா உயிர்களுக்கும் மூதாதை ஒன்றுதான், நம் தீவில் வாழ்ந்து அழிந்த டோடோ பறவை ஒரு புறா என்றெல்லாம் சொல்கிறாள். உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தவர் தொல்காப்பியர், வெள்ளைக்காரன் கண்டதெல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்றேன். சிரித்துவிட்டாள். டார்வினுக்கு முன்பே தமிழன் பரிணாமத்தைக் கண்டுவிட்டான் என்று நீங்கள் விரிவாக எழுதினால் வகுப்பில் வாசித்துக் காட்டுவேன். மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றால் இன்னும் ஏன் குரங்குகள் இருக்கின்றன? பிள்ளைகளுக்கு ஏற்ற நூல் ஒன்றும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ரோஸ் ஹில் வாசகர்

அன்புள்ள தம்பி,

அப்பா சொன்னதற்கெல்லாம் தலையாட்டாமல் சிரிக்கிற பெண் உங்கள் வீட்டில் வளர்கிறாள். முதலில் அதற்குச் சந்தோஷப்படுங்கள்.

குரங்குக் கேள்வியை ஒரே வரியில் முடிக்கிறேன். நாம் சிம்பன்சியிலிருந்து வரவில்லை. ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இரு தரப்புக்கும் பொதுவான முன்னோர் இருந்தது, அவ்வளவுதான்.

தொல்காப்பியத்துக்கு வருவோம். ‘புல்லும் மரனும் ஓரறிவினவே’ என்று அதன் மரபியல் என்ற இயலில் வரும் சூத்திரங்கள் எனக்கும் உயிர். எந்த உயிர் எதை உணர்கிறது என்று கண்கொட்டாமல் பார்த்த ஒருவர் செய்த வரிசை அது. ஆனால் எது எதிலிருந்து வந்தது என்று அவர் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு விடை சொன்னதாக அவர் தலையில் கட்டுவது பக்தி அல்ல, படிக்காமல் பாராட்டுவது.

‘சிதலும் எறும்பும் மூவறிவினவே.’ சிதல் என்றால் கறையான். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான்: கூட்டம், ராணி, வேலைக்காரர்கள், மழைக்காலத்தில் சிறகு முளைத்துப் பறப்பது. அறிவின் கணக்கில் ஒரே வரியில் வைத்ததில் குறையே இல்லை. ஆனால் வம்சாவளியைக் கேட்டால் கதை மாறுகிறது. எறும்பு குளவி வழியில் வந்தது. தேனீ அதற்கு நெருங்கிய உறவு. கறையானோ கரப்பான் கூட்டத்தின் உள்ளேயே கிளைத்த ஒன்று. இரு வழிகளும் பிரிந்து 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. கூட்டமாக வாழும் வித்தையை இரண்டும் தனித்தனியாகக் கற்றன. அடுத்து ‘நண்டும் தும்பியும் நான்கறிவினவே’ என்கிறார். பூச்சிகள் நண்டு, இறால் வகையறாவின் உள்ளிருந்து கிளைத்தவை என்றுதான் இன்று மரபணுக்களும் காட்டுகின்றன. அதனால் தொல்காப்பியர் மரபணு படித்தார் என்று அடுத்த கடிதம் போட்டுவிடாதீர்கள்!

பாக்டீரியாவில் தொடங்கி உங்கள் மகள் வரை மரபணு எழுதப்பட்டிருக்கும் வேதியியல் எழுத்துகள் அதே நான்கு, அதைப் புரதமாக்கும் குறியீடும் ஏறக்குறைய ஒன்றே. மூதாதை ஒன்று என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி வேண்டாம். 1977இல் கார்ல் வூஸ் என்ற அமெரிக்க அறிஞர் ரைபோசோம் ஆர்என்ஏவை, அதாவது எல்லா உயிரணுக்களிலும் புரதம் கட்டும் பட்டறையில் இருக்கும் மூலக்கூறை, ஒப்பிட்டபோது, பாக்டீரியா என்றே எல்லாரும் நினைத்திருந்த ஒரு கூட்டம் தனிக்கிளையாகப் பிரிந்து நின்றது. மேலோட்டமான உருவத்தை மட்டும் பார்த்து உறவு சொல்ல முடியாது.

இது நமக்குப் புதிதா என்ன? மோக்காவில் மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் இருக்கும் குடியேற்ற ஏடுகளில் என் பூட்டனாரைத் தேடினேன். ஒரே பெயரை ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு விதமாக எழுதியிருந்தார்கள். அச்சு அசலாக அதே பெயரில் இருந்தவரோ வேறு ஊர், வேறு தகப்பன். கடைசியில் கப்பல், குடியேற்ற எண், தகப்பன் பெயர் மூன்றும் பொருந்தியவர்தான் எங்கள் ஆள். அவருடைய பெயரை என்னால் வாசிக்கக்கூட முடியவில்லை. பெயர் ஒத்திருந்தவரைப் பூட்டனாக்கிக்கொண்டு படையல் போடுகிற குடும்பங்களும் இங்கே உண்டு. யாரென்று சொல்ல மாட்டேன்.

டோடோவுக்கும் இதே பாடுதான். 1758இல் உயிர்களை வகைப்படுத்திய லின்னேயஸ் அதை நெருப்புக்கோழியோடு சேர்த்தார். கழுகு வகை என்று சாதித்தவர்களும் இருந்தார்கள். 1840களில் டென்மார்க்காரர் ரைன்ஹார்ட் மண்டையோட்டைப் பார்த்துவிட்டு இது புறா என்றபோது கேலிதான் செய்தார்கள். 1848இல் ஸ்ட்ரிக்லாண்டும் மெல்வில்லும் எலும்பெலும்பாக அதை நிறுவினார்கள். 2002இல் ஆக்ஸ்ஃபோர்டில் எஞ்சியிருக்கும் டோடோவிலிருந்து எடுத்த மரபணுவும் அதையே சொன்னது: ரொட்ரீக்ஸ் தீவில் வாழ்ந்து அழிந்த சொலித்தேர் என்ற பறவைதான் உடன்பிறப்பு, இன்று உயிரோடிருப்பவற்றில் நெருங்கிய சொந்தம் நிக்கோபார் புறா.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நான் யோசித்துக்கொண்டிருந்தது இதைப் பற்றித்தான். 1865இல் மார் ஓ சோஞ் சதுப்பில் மாஹேபூர் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் கிளார்க் டோடோ எலும்புகளைத் தேடினார். இடுப்பளவு தண்ணீரில் ஆட்களை இறக்கினார். அவர்கள் வெறுங்காலால் சேற்றைத் துழாவி எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். அதே இடத்தில் கூலிகள் எலும்புகளைக் குவித்துக்கொண்டிருந்ததை ரயில்வே பொறியாளர் ஹிகின்சன் எழுதிவைத்தார். கூலி என்றால் அன்று இங்கே ஒப்பந்தத்தில் இந்தியாவிலிருந்து வந்த நம்மவர்தான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எலும்புகள் லண்டன் போயின. அங்கே உடற்கூறு அறிஞர் ரிச்சர்ட் ஓவன் 1866இல் விவரித்துப் பெயர் வாங்கினார். சேற்றில் நின்றவர்களின் பெயரை ஒருவரும் குறிக்கவில்லை. கங்காணி முதல் கவர்னர் வரை கணக்கு எழுதிய நாடு இது. குடியேற்ற ஏட்டில் எண்ணும் அங்க அடையாளமும் உண்டு. இதில் மட்டும் ‘ஆட்கள்’ என்ற ஒற்றைச் சொல்! நம்மவர் பெருமை பேச வேண்டும் என்று துடிக்கிறீர்களே, இல்லாத தமிழ் டார்வினைத் தேடாமல் இவர்களைப் பற்றி வகுப்பில் பேசினால் என்ன? எனக்கு ஆறவில்லை, தம்பி.

நூல் கேட்டிருந்தீர்கள் இல்லையா? அது பிறகு. முதலில் மகளைப் போர்ட் லூயிஸ் மியூசியத்துக்குக் கூட்டிப்போங்கள். ஒரே டோடோவின் எலும்புகள் முழுமையாகச் சேர்ந்த எலும்புக்கூடு உலகத்தில் அது ஒன்றுதான். அதைத் தேடியெடுத்தவர் எத்தியேன் திரியூ, போர்ட் லூயிஸில் முடிதிருத்தும் தொழில் செய்தவர். புறாவின் அடையாளம் எந்தெந்த எலும்பில் தெரிகிறது என்று மகள் காட்டுவாள். நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். மரபியல் சூத்திரங்களை வகுப்பில் கட்டாயம் நடத்துங்கள், டார்வினை இழுக்காமல்.

அன்புடன்.