மே தினத்தில் இரட்டைச் சம்பளம்

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். எனக்குக் கோவையில் வேலை. மே 1 அன்று எனக்கு லீவு, அம்மாவுக்கு வேலை. காலையில் சங்கத்துக்காரர்கள் கொடியேற்றி மிட்டாய் கொடுப்பார்கள். அப்புறம் எல்லோரும் கூடையோடு காட்டுக்குப் போய்விடுவார்கள். கேட்டால், "இரட்டைச் சம்பளம், எவ விடுவா?" என்கிறார். தொழிலாளியே வேலை செய்கிற தொழிலாளர் தினத்துக்கு என்ன அர்த்தம்? எங்கோ அமெரிக்காவில் நடந்ததற்கு நாம் செய்யும் சடங்குதானே இது?
- ம., கோத்தகிரி

அன்புள்ள ம.,

அமெரிக்காவில் தொழிலாளர் தினம் மே மாதத்திலேயே கிடையாது. செப்டம்பர் முதல் திங்கட்கிழமை. 1894-ல் அப்படிச் சட்டம் போட்டுக்கொண்டார்கள். 1886 மே 1-ல் எட்டு மணி நேர வேலை கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கியதும், சிகாகோவில் குண்டு வெடித்ததும், மறுவருடம் நான்கு பேரைத் தூக்கில் போட்டதும் அங்கேதான். ஆனால் மே 1-ஐ உலகத்துக்கு அறிவித்தவர்கள் 1889-ல் பாரிசில் கூடிய சோஷலிஸ்டுகள். நம்மூரில் 1923-ல் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இரண்டு கூட்டம் போட்டார், உயர்நீதிமன்றத்துக்கு எதிரே ஒன்று, திருவல்லிக்கேணியில் ஒன்று. அதுதான் இந்தியாவின் முதல் மே தினம். நூறு வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பவும் நிறுத்திவைத்தார்கள். மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். சடங்கு என்று எனக்குத் தோன்றவில்லை.

எட்டு மணி நேர வேலை மலைக்குத் தாமதமாகத்தான் ஏறி வந்தது. 1948-ன் தொழிற்சாலைச் சட்டத்தில் வாரத்துக்கு 48 மணி. 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 54. தேயிலை ஃபேக்டரி முதல் சட்டத்தில் சேர்ந்தது, வெளியே இலை எடுப்பவர் இரண்டாவதில். அதாவது ஒரே எஸ்டேட்டில், இலையை அரைப்பவரை விட இலை பறிக்கும் பெண்ணை வாரத்தில் ஆறு மணி கூடுதலாக வேலை வாங்க முடிந்தது. இது சரியாக 1981 திருத்தம் வரவேண்டியிருந்தது. உங்கள் பாட்டி தோட்டத்தில் இருந்திருந்தால் அந்த 54 மணியைப் பார்த்திருப்பார்.

இனி அம்மாவின் இரட்டைச் சம்பளம். தமிழ்நாட்டின் 1958-ம் வருடத்து விடுமுறைச் சட்டத்தில் மே 1 சம்பளத்தோடு கூடிய விடுமுறை. அன்று வேலைக்கு வந்தால் இரண்டு மடங்கு கூலி, அல்லது அன்றைய கூலியோடு வேறொரு நாள் லீவு. கோடை மழை விழுந்ததும் கொழுந்து பொங்கிவரும் நேரம் அது. ரவுண்டு, அதாவது அதே செடியில் மறுபடி இலை எடுக்கும் முறை, தள்ளிப்போனால் இலை முற்றிவிடும். எஸ்டேட்டுக்கு ஆள் வேண்டும். ஜூனில் பள்ளி திறக்கிறது, வீட்டுக்குப் பணம் வேண்டும். அம்மா போவதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. "இன்னைக்கு வரலை" என்று சொன்னால் மேஸ்திரி மறுநாள் தண்டனையாக மேட்டுக்காட்டுக்கு அனுப்பாமல் இருப்பாரா என்பதை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு உறுத்துவது செக்ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், பெயர் இல்லாதவர்கள். அதே மே 1-ல் ஊட்டியில் சீசன் உச்சம். உங்களைப் போல லீவு கிடைத்தவர்கள் கொண்டை ஊசி வளைவுகளில் வரிசை கட்டி ஏறி வர, லாட்ஜில் போர்வை மாற்றுபவருக்கும் சமையல்கட்டில் நிற்பவருக்கும் அன்றைக்குத்தான் இடுப்பொடியும். கடைகளும் ஹோட்டல்களும் அந்த 1958 சட்டத்துக்குள் வருபவைதான். பதிவேடே இல்லாத இடத்தில் எதைக் காட்டி இரட்டைக் கூலி கேட்பது? சிறு தேயிலைத் தோட்டங்களில் இன்னும் மோசம். 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வரும்வரை நடப்பில் இருந்த அந்தத் தோட்டச் சட்டத்துக்கு ஐந்து ஹெக்டேரும் பதினைந்து ஆட்களும் இருக்கவேண்டியிருந்தது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர்காரரிடம் வரும் ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் அந்தக் கணக்கிலேயே வந்ததில்லை. வேலைக்குப் போனால் ஒற்றைக் கூலி, போகாவிட்டால் அதுவும் இல்லை. கொடியேற்றத்துக்கு அவர்களை யாரும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. சங்கத்துக்காரர்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மே மாதச் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். விடுமுறைக் கூலி தனி வரியில் இருக்கவேண்டும். நிர்ணயித்த அளவுக்கு மேல் பறித்த கூடுதல் கிலோவுக்கான காசோடு கலந்து போட்டிருந்தால், இரண்டு மடங்கு வந்ததா இல்லையா என்று அம்மாவால் கண்டுபிடிக்க முடியாது.