மகன் பெயரில் உள்ள கேஸ் அழியுமா?

கேள்வி: 2023ல் என் மகன் ப்ளஸ் டூ பரீட்சை முடித்த கையோடு, ஊர் தீமிதித் திருவிழாவில் பங்காளி வீட்டுப் பையன்களோடு கைகலப்பு. 294 பி (ஆபாசப் பேச்சு), 323 (அடித்தது), 506 (மிரட்டல்) என்று கேஸ் போட்டு, கடலூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இன்னும் வாய்தா ஓடுகிறது. இப்போது சமாதானமாகிவிட்டோம். சாட்சியை மாற்றிச் சொல்லிவிடுகிறோம், கேஸ் அழிந்துவிடும் என்கிறார்கள். பையன் போலீஸ் தேர்வுக்குப் படிக்கிறான். இது சரி வருமா?
- ஒரு தாய், நெல்லிக்குப்பம்

பதில்: வேண்டாம்மா, அந்த வழிக்கே போகாதீர்கள். புகார் கொடுத்தவர் பிறழ் சாட்சியாகி, அதாவது சொன்னதை மாற்றிச் சொல்லி, அதனால் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானால், விடுதலையானவரை வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டும் என்று தமிழ்நாடு காவல் பணி விதி 14(பி) சொல்கிறது. விடுதலைத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டே வேலையை இழந்த பிள்ளைகள் உண்டு.

அதைவிட முக்கியமான ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ப்ளஸ் டூ முடித்த கையோடு என்கிறீர்களே, சம்பவத்தன்று அவனுக்கு 18 முடிந்திருந்ததா? எஃப்ஐஆர் நகலை எடுத்து அவன் பெயருக்குப் பக்கத்தில் பாருங்கள், 19/2023 (2023ல் வயது 19) என்பது போல வயதைப் போட்டிருப்பார்கள், பல நேரம் அது ஆளைப் பார்த்து உத்தேசமாக எழுதியது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதிப்படி 18 ஆகவில்லை என்றால் வழக்கு, சிறுவர்கள் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போக வேண்டும், இதை எந்தக் கட்டத்திலும் கேட்கலாம். அங்கே குற்றம் என்று முடிவானாலும்கூட, 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி அதனால் வேலைக்கோ வேறெதற்கோ தகுதிக் குறைவு வராது, அந்தப் பதிவையும் அழிக்க வேண்டும். பெரியவர்களுக்கு இப்படிப் பதிவை அழித்துத் தரும் பொதுவான சட்டம் நம்மிடம் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம், ஒரு திருவிழாச் சண்டை ஆயுளுக்கும் துரத்துவது நியாயமில்லை.

18 முடிந்திருந்தால், அந்தச் சமாதானத்தை எழுத்தில் கொண்டுபோய் சென்னை உயர் நீதிமன்றத்தில் குவாஷ் மனு, அதாவது வழக்கை ரத்து செய்யக் கேட்கும் மனு போடுங்கள், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றது இப்போது அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பிஎன்எஸ்எஸ்) 528ஆம் பிரிவு. 323, 506ஐக் கீழ்க் கோர்ட்டிலேயே சமரசமாக முடிக்கலாம், 294 பி அந்தப் பட்டியலில் இல்லை, அதனால்தான் சென்னை வரை போக வேண்டியிருக்கிறது. வக்கீலுக்கு வசதியில்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, கேளுங்கள்.

அப்புறம், குவாஷ் ஆனாலும் போலீஸ் தேர்வில் அதைப் பரிசீலிப்பார்கள். விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்று கேட்கும் இடத்தில் மட்டும் அவன் 'இல்லை' என்று எழுதிவிடக் கூடாது. கேஸைவிட மறைத்ததற்காகவே ஆளை நீக்குகிறார்கள்.