பிராம்ப்டில் ஓர் எண்

அன்புள்ள ஐயா,

டெர்மினலில் கட்டளை தட்டும் இடத்துக்கு முன்னால் வரும் பிராம்ப்டில், பயனர் பெயருக்குப் பச்சையும் பாதைக்கு நீலமும் வைத்தேன். அதிலிருந்து நீளமான கட்டளை தட்டினால் அடுத்த வரிக்குப் போகாமல் அதே வரியின் தலையில் ஏறி எழுதுகிறது. மேல் அம்புக்குறியை அழுத்தினால் பழைய கட்டளையின் வால் அழியாமல் நிற்கிறது. பிராம்ப்டின் வடிவத்தை வைத்திருக்கும் என் பிஎஸ்1 வரியையும் ஒட்டி அனுப்பியிருக்கிறேன். கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லாக இப்போது பாஷ் இருக்கிறது; இசட்ஷெல்லுக்கு மாறிவிடலாமா? நல்ல தீம் ஒன்றும் சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள கே.,

ஷெல்லை மாற்ற வேண்டாம். பச்சைக்கான குறி திரையில் தெரியாது, ஆனால் எஸ்கேப், சதுர அடைப்பு, 3, 2, எம் என்று ஐந்து எழுத்து. நிறத்தை முடிக்கும் குறி நான்கு. இரண்டு நிறத்துக்கு 18. பாஷ் இவையும் இடம் பிடிப்பதாக எண்ணிக்கொண்டு, 80 எழுத்து அகலத் திரையில் 62-லேயே வரி முடிந்தது என்று நினைக்கிறது. ஒவ்வொரு நிறக்குறிக்கும் முன்னால் பேக்ஸ்லாஷும் திறக்கும் சதுர அடைப்பும், பின்னால் பேக்ஸ்லாஷும் மூடும் சதுர அடைப்பும் போடுங்கள். கணக்கு நேராகிவிடும். தீம் உங்கள் விருப்பம்.

நீங்கள் ஒட்டியிருந்த வரியைப் பார்த்தபோதுதான் மனம் பொறுக்கவில்லை. தேதி இருக்கிறது, விநாடியோடு மணி இருக்கிறது. முந்தைய கட்டளை முடிந்ததா, விழுந்ததா என்பது மட்டும் இல்லை! மணி பார்க்க மூலையில் கடிகாரம் இருக்கிறது. இதைச் சொல்ல பிராம்ப்டை விட்டால் யார் இருக்கிறார்கள்? எத்தனையோ கட்டளைகள் வாய் திறக்காமல் தோற்கும். கோப்பில் சொல் தேடும் கிரெப் எதையும் கண்டுபிடிக்காவிட்டால் ஒரு வரிகூட எழுதாது, 1 என்று மட்டும் திருப்பும்.

கட்டளை ஒவ்வொன்றும் முடியும்போது இப்படி ஓர் எண்ணைத் திருப்பும்; 0 என்றால் வெற்றி. அந்த எண்ணைப் படிக்கப் பழகுங்கள். 127 என்றால் அப்படியொரு கட்டளையே இல்லை. 126 என்றால் கோப்பு இருக்கிறது, இயக்க முடியவில்லை. 128-க்கு மேல் போனால் பெரும்பாலும் சிக்னல், அதாவது ஓடும் நிரலை நிறுத்தச் சொல்லி வந்த செய்தி. 128-ஐக் கழித்தால் சிக்னலின் எண் கிடைக்கும். 130-இல் மிஞ்சுவது 2, நீங்களே கண்ட்ரோல்-சி அழுத்தியது. 137-இல் 9, யாரோ கொன்றிருக்கிறார்கள். நினைவகம் தீர்ந்து, இயங்குதளத்தின் மையமான கெர்னலே கொன்றிருக்கவும் கூடும்.

செய்வது எளிது. ஒரு பங்ஷன் எழுதி, அதன் பெயரைப் பிராம்ப்ட் கமாண்ட் மாறியில் வையுங்கள்; ஒவ்வொரு பிராம்ப்டுக்கும் முன்னால் பாஷ் அதை இயக்கும். பிஎஸ்1-ஐ அதற்குள்ளேயே கட்டுங்கள். எண் பூஜ்யமாக இல்லாவிட்டால் மட்டும் சிவப்பில் காட்டுங்கள். ஒன்றை மறக்கவே கூடாது: முந்தைய கட்டளையின் எண்ணை வைத்திருக்கும் டாலர் கேள்விக்குறியைப் பங்ஷனின் முதல் வரியிலேயே பிடித்துவிட வேண்டும். மாறியைப் பங்ஷனுக்குள் மட்டும் செல்லும்படி லோக்கல் என்று அறிவிக்கும் அதே வரியில் மதிப்பையும் கொடுங்கள். முதல் வரியில் அறிவித்துவிட்டு அடுத்த வரியில் எடுத்தால், லோக்கல் வெற்றியடைந்த 0-தான் கைக்கு வரும். அதன்பிறகு உங்கள் பிராம்ப்ட் நாள் முழுக்கப் பொய் சொல்லும், நீங்களும் நம்புவீர்கள்.

ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் பைப்பிலும் கவனம் வேண்டும். கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டாரின் வெளியீட்டை, அதைச் சுருக்கும் ஜிஜிப்புக்கு அனுப்பும்போது டார் பாதியில் விழுந்தாலும், கடைசியில் நிற்கும் ஜிஜிப்பின் 0-தான் தெரியும். பைப்பில் எது விழுந்தாலும் தோல்வி என்று காட்டும் பைப்ஃபெயிலை இயக்குங்கள். அதன்பின், முதல் சில வரிகளை மட்டும் காட்டும் ஹெட்டுக்கு அனுப்பும் கட்டளைகளில் சிலசமயம் 141 வரும். பதறாதீர்கள். போதுமான வரி கிடைத்ததும் ஹெட் கதவைச் சாத்திவிட்டது, அவ்வளவுதான்.

அன்புடன்.