தொகுதியும் பகுதியும்: கடிதம்

அன்புள்ள ஐயா,

நர்சிங் முடித்துவிட்டு கடலூர் முதுநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். பொதுச் சுகாதாரம், அதாவது ஓர் ஊர் முழுவதன் உடல்நலம் பற்றிப் படிக்க ஆசை. ஷிஃப்ட் வேலை என்பதால் ஆன்லைனில்தான் முடியும். ஆங்கிலம் சுமார். சான்றிதழுக்கு மதிப்பு உண்டா? எதில் தொடங்கலாம்?

ஒரு வாசகி, கடலூர்

அன்புள்ள சகோதரிக்கு,

சான்றிதழ் பயோடேட்டாவில் ஒரு வரி, அவ்வளவுதான். துறையே மாறுவதென்றால் எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) பட்டம் வேண்டும், அது பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மரிலேயே இருக்கிறது.

ஆர்வத்துக்குப் படிக்க, சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல் வழியாக நடத்தும் 'ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ்' போதும். பாடம் இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம். அப்புறம் வேண்டுமானால் கோர்சேரா என்ற ஆன்லைன் தளத்தில் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் எபிடமியாலஜி, அதாவது நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று பார்க்கும் பாடம். இரண்டிலும் சேர்ந்தாற்போல் சேராதீர்கள். 2020 ஊரடங்கில் நான்கில் சேர்ந்து ஒன்றைக்கூட முடிக்காத ஆள் சொல்கிறேன்.

வார்டில் உங்கள் கண்ணில் படுவது வந்து படுத்தவர்கள் மட்டும். வராதவர்களையும் சேர்த்து எண்ணுவதுதான் இந்தப் படிப்பு. பள்ளியில் பின்னம் படித்தோமே, மேலே தொகுதி, கீழே பகுதி. இங்கே நோயாளிகள் மேலே, ஊர் ஜனம் கீழே. 4000 பேர் உள்ள ஊரில் 20 காய்ச்சல், 500 பேர் உள்ள குப்பத்தில் 10 காய்ச்சல். நோட்டில் முதல் ஊர்தான் பெரிதாகத் தெரியும். ஆனால் ஆயிரத்துக்கு 5 அங்கே, 20 குப்பத்தில்.

பாடத்தோடு தேசியக் குடும்பநல ஆய்வின் (2019-21) கடலூர் மாவட்டத் தாளையும் இறக்கிக்கொள்ளுங்கள், சில பக்கம்தான். இரத்தசோகை வரிக்குப் போங்கள். தமிழ்நாடு முழுக்க 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் என்கிறது அந்த ஆய்வு. பாதிக்கு மேலா என்று பதறுவதற்கு முன் அளவுகோலைப் பாருங்கள்: ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழ், மற்றவர்களுக்கு 12க்குக் கீழ். லேசான சோகையும் அதில் சேர்த்தி. இன்னொன்று, நீங்கள் சிரையில் ஊசி போட்டு இரத்தம் எடுப்பீர்கள். அவர்கள் விரல்நுனியில் குத்தி எடுத்தார்கள். எடுக்கும் இடம் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும். வீடியோ பார்த்து மட்டும் படிக்கிற பலருக்கு இது உறைக்காது. உங்களுக்குக் கையே சொல்லிவிடும்.

ஆங்கிலத்துக்குப் பயப்படாதீர்கள். பத்து நிமிடத்துக்கொரு முறை நிறுத்தி, கேட்டதைத் தமிழில் எழுதிவையுங்கள். 'கன்ஃபௌண்டிங்' (மூன்றாவது ஒரு காரணம் உள்ளே புகுந்து கணக்கைக் குழப்புவது) வரும் இடத்தில் முழி பிதுங்கும். அப்போது எழுதுங்கள், நான் மாட்டிக்கொண்டு நின்றதும் அங்கேதான்.